இரண்டு விளக்கும் எரியும்போது

பத்தாம் இலக்கப் பேருந்து வந்து நின்றதும் குகநாதனின் இரண்டு கைகளும் மேற்சட்டைப் பைகளுக்குள் போய்விடும். குளிருக்காக அல்ல, ஆடி மாத வெயிலிலும் போகும். கதவைத் திறக்கும் பொத்தானை நோக்கி இரண்டு பேர் வருவார்கள். ஒரு பக்கத்தால் குழந்தை வண்டி தள்ளும் ஓர் இளம் தாய், மறு பக்கத்தால் கழுத்துப்பட்டி கட்டிய ஓர் உத்தியோகத்தர். இருவர் விரலும் பொத்தானில் ஏறத்தாழ ஒன்றாகவே படும். கதவு திறக்கும். "எக்ஸ்கூசி", "பிட்டே" என்று இருவரும் மாறி மாறி வழிவிடுவார்கள். அந்த நேரத்தில் குகநாதனின் இடது பைக்குள்ளோ வலது பைக்குள்ளோ ஒரு விரல் மெல்ல எழுந்து துணியை முட்டும். தீர்ப்புச் சொல்லியாயிற்று.

அவரோடு ஒரே இடத்தில் வேலை செய்யும் தவராஜா இந்தப் புடைப்பைக் கண்டுபிடித்துப் பல வருடமாகிறது.

"குகண்ணை, ஆர் வெண்டது?"

"வண்டிக்காரப் பிள்ளை."

"அந்தாள்தானே முதல் ஓடி வந்தவர்?"

"கால் முந்தினது அவருக்கு. கை முந்தி நீண்டது அந்தப் பிள்ளைக்கு. ஓடி வாறது வேறை, கை நீட்டுறது வேறை."

"நாங்கள் இருக்க இடமில்லாமல் நிக்கிறம். உங்களுக்கு உலகக் கிண்ணம் நடக்குது."

குகநாதன் சிரிக்க மாட்டார். மீசை மட்டும் ஒரு பக்கமாக அசையும். அடர்த்தியான, நுனி இறங்கிய, இன்று முக்கால்வாசி நரைத்த மீசை. பேர்ண் நகரத்தை ஒட்டி அவர் வாழும் ஓஸ்டர்முண்டிகனில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொரியாவிலோ அதை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் சில லட்சம் பேர் இருக்கிறார்கள்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. வார நாட்களில் பேர்ணில் ஓர் ஆசுபத்திரியின் நிலக்கீழ்த் தளத்தில் வேலை. சத்திரசிகிச்சைக்குப் பயன்பட்ட கத்தரிக்கோல்களும் இடுக்கிகளும் கழுவி உலர்ந்து தட்டுத் தட்டாக அவர் மேசைக்கு வரும். ஒவ்வொன்றையும் விளக்கின் கீழே விரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் அதன் மூட்டுப் பகுதியைப் பார்ப்பார். புள்ளியளவு கறை இருந்தாலும் முழுத் தட்டும் திரும்பிப் போகும். இருபத்தேழு வருடமாக இதே மேசை. "கழுவினது எண்டு தாளிலை இருக்கும்" என்பார். "தாளைப் பாத்து நான் கையெழுத்து வைக்கிறேல்லை. கத்தரிக்கோலைப் பாத்து வைக்கிறன்."

சனி, ஞாயிறுகளில் அவர் வேறு ஆள். சாம்பல் நிறக் கோட்டு, நீலக் கழுத்துப்பட்டி, ஓசை எழாத இறப்பர்ச் சப்பாத்து. வாள்வீச்சுப் போட்டி மத்தியஸ்தர். அதிலும் சேபர் வாளுக்கு மட்டும். பணப்பையில் மத்தியஸ்தர் அட்டை முன்னால் இருக்கும், வதிவிட அனுமதி அட்டை அதற்குப் பின்னால் இருக்கும்.

தொண்ணூற்றோராம் ஆண்டு அகதி விண்ணப்பத்தோடு வந்தவர். மாலையில் ஒரு விளையாட்டு மண்டபத்தைத் துடைக்கும் வேலை கிடைத்தது. முதல் நாள் தண்ணீர் வாளியோடு கதவைத் திறந்தவர், உள்ளே பார்த்துவிட்டு அப்படியே சாத்திவிட்டார். "சண்டை வேண்டாம் எண்டு கடல் கடந்து வந்தவன். இஞ்சையும் முகத்தை மூடிக்கொண்டு வாளோடை நிண்டால் என்ன செய்யிறது? வாளியை விட்டிட்டு ஓடித்தான் போனனான்." மறுநாள் வாளியை எடுக்கப் போனவர் கதவோரம் நின்று பார்த்தார். ஒரு மாதம் பார்த்தார். புள்ளி குறிக்க ஆளில்லாத ஒரு மாலையில் பேனையை அவர் கையில் கொடுத்தார்கள். யார் முதல் தாக்கியது என்பதை விளக்கு எரிவதற்கு முன்பே அவர் கண் பிடித்துவிடுவதை அங்கிருந்தவர்கள் கவனித்தார்கள். பிறகு பாடநெறி, பரீட்சை, பிரெஞ்சில் கட்டளைகள். "ஆன் கார்ட்! ப்ரே? அலே!" ஆயத்தமா, தொடங்கு என்று அர்த்தம். வீட்டில் புட்டுப் பானையைத் திறக்கும்போதும் அதையே சொல்லுவார்.

சேபரின் சங்கதி இதுதான். வாள் எதிராளியின் உடம்பில் பட்டால் விளக்கு எரியும். ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்குப் பச்சை. பெரும்பாலும் இருவரும் ஒன்றாகப் பாய்வார்கள், இரண்டு விளக்கும் எரியும். அப்போது தாக்குதலை முதலில் தொடங்கியவருக்குத்தான் புள்ளி. தொடங்கியது என்றால் கால் வைத்தது அல்ல, கை நீட்டியது. அதை எந்த இயந்திரமும் சொல்லாது. நடுவில் நிற்கும் மனிதர் இடப் பக்கத்துக்காரருக்கென்றால் இடக் கையையும், வலப் பக்கத்துக்காரருக்கென்றால் வலக் கையையும் உயர்த்துவார். அவ்வளவுதான். பிரித்தறிய முடியாவிட்டால் இருவரும் சமம், புள்ளியில்லை என்று சொல்லி மறுபடி தொடங்கச் சொல்லலாம். குகநாதனுக்கு இந்தத் தீர்ப்பில் மரியாதை குறைவு. "சில நேரம் உண்மையாவே சமன். கனக்க நேரம் அது மத்தியஸ்தரின்ரை தப்புற வழி."

அவருக்கு ஒரு வினோதப் பழக்கம் உண்டு. போட்டித் தாள் கையில் வந்ததும் அதை நீளவாட்டில் மடிப்பார். பெயர்கள் இருக்கும் பக்கம் உள்ளே போய்விடும். எண்கள் மட்டும் வெளியே. வீரர்கள் அங்கியின் முதுகில் பெயர் எழுதியிருப்பார்கள். அவர்கள் திரும்பி நடந்தால் இவர் கூரையைப் பார்ப்பார். இளம் மத்தியஸ்தர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "பேரைப் பாத்தால் கண் சாயும்" என்று மட்டும் அவர் சொல்லுவார். எப்போதிருந்து என்று கேட்டால் பதில் வராது. மனோகரியைக் கேட்டால் வரும். அவர் மனைவி ஆண்டையும் மாதத்தையும் சேர்த்தே சொல்லுவாள்.

இரண்டாயிரத்து ஒன்பது, வைகாசி. அந்தக் கிழமை குகநாதன் மூன்று நாள் ஜெனீவாவில் நின்றார். உலக நாடுகளின் கொடிகள் வரிசையாகப் பறக்கும் சபைக் கட்டடத்துக்கு முன்னால், கால் முறிந்த பெரிய நாற்காலிச் சிலையின் கீழே, ஆயிரக்கணக்கானவர்களோடு நின்று கத்தினார். பாருங்கள், அங்கே நடப்பதைப் பாருங்கள் என்பதுதான் அந்தக் கத்தலின் சாரம். மனோகரியின் தம்பி போர் நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்தான். பதினொரு நாளாகச் செய்தி இல்லை. வெள்ளி மாலை வீடு திரும்பியபோது குகநாதனுக்குக் குரல் இல்லை. சனிக்கிழமை பேர்ணில் ஓர் அழைப்புப் போட்டி. முன்பே ஒத்துக்கொண்டது. குரலுக்குத் தேன் குடித்துவிட்டுப் போனார்.

காலிறுதி. இடப் பக்கத்தில் ஐரோப்பா முழுக்கப் பெயர் தெரிந்த ஒரு சாம்பியன். வலப் பக்கத்தில், பயிற்சிக்காக வந்திருந்த கொரிய மாணவர் அணியில் ஒரு பத்தொன்பது வயது ஒல்லி. இரவல் அங்கி தோளில் தொங்கியது. முதுகில் பெயர் கூட எழுதியிருக்கவில்லை. பதினாலுக்குப் பதினாலு. பதினைந்தாம் புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. "அலே!"

இரண்டு விளக்கும் எரிந்தன.

குகநாதன் இடக் கையை உயர்த்தினார்.

கை மேலே போய்க்கொண்டிருக்கும்போதே அது பிழை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சாம்பியன் கம்பீரமாகப் பாய்ந்து வந்தான், ஆனால் கை பின்னால் மடங்கியிருந்தது. பெயரில்லாதவனின் கை அதற்குள் நீண்டுவிட்டது. சாம்பியன் என்ன செய்திருப்பான் என்று ஊகித்த கண், அவன் என்ன செய்தான் என்பதைப் பார்க்கவில்லை. கொரியப் பயிற்சியாளர் கத்தினார். அந்த ஒல்லியோ முகமூடியைக் கழற்றி, குகநாதனைச் சில கணம் பார்த்தான். கோபமில்லாத பார்வை. பிறகு இடுப்பை மடித்து வணங்கி, எதிராளிக்குக் கை கொடுத்து, இவருக்கும் கை கொடுத்தான். கை குலுக்கி முடிந்தால் ஆட்டம் முடிந்தது, எந்தத் தீர்ப்பையும் அதன் பிறகு மாற்ற முடியாது. குகநாதனுக்குக் கிடைத்தது ஆறேழு வினாடி. அந்த வினாடிகளில் அவர் சும்மா நின்றார்.

அன்று மாலை தலைமை மத்தியஸ்தரிடம் போய்த் தன் பிழையைச் சொன்னார். அவர் தோளைத் தட்டி, இரவுக்கு நன்றாகத் தூங்கச் சொன்னார். பத்தாம் இலக்கப் பேருந்தில் வீடு வரும் வழியில் போட்டித் தாளை விரித்து அந்த ஒல்லியின் பெயரைத் தேடிப் படித்தார். யாங் தேஹோ. பிறகு தாளை மடித்தார். அதற்குப் பிறகு மடித்துக்கொண்டே இருக்கிறார்.

மனோகரியின் தம்பி ஆனி மாதம் முகாமிலிருந்து பேசினான். உயிரோடு இருந்தான். வீடு மெல்ல மெல்ல வழமைக்குத் திரும்பியது. குகநாதன் வேலை முடிந்து வந்து கணினியில் ஒரே ஒரு பெயரைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் அந்த மாதத்தில் தொடங்கியது.

முதலில் ஒன்றும் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு பல்கலைக்கழகப் போட்டியின் முடிவில், மூன்றாம் இடத்தில், அந்தப் பெயர் வந்தது. பிறகு தேசிய அணி. ஆசியப் பதக்கம். உலகக் கிண்ணம் ஒன்று, அதே வருடம் இன்னொன்று. தேஹோவின் தாக்குதலுக்கென்று ஒரு அடையாளம் உண்டானது. கால் அசைவதற்கு முன்பே கை முழுதாக நீண்டுவிடும். மண்டபத்தின் கடைசி வரிசையில் பனிக்கூழ் தின்றுகொண்டிருப்பவனுக்கும் யார் தொடங்கியது என்று தெரியும். மத்தியஸ்தர்களுக்கு அவன் ஆட்டத்தில் வேலையே இல்லை என்று எழுதினார்கள். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு ஒன்பது மாதம் படுத்துக் கிடந்தான். எழுந்து வந்து உலகத்தில் முதலாம் இடம் பிடித்தான்.

அதன் பிறகு வந்தது வேறு வகைப் புகழ். முகமூடிக்குள் இருந்த முகம் அழகாக இருப்பதைத் தொலைக்காட்சிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். சமையல் போட்டியில் முட்டை பொரித்துக் கருக்கினான், அதை மூன்று நாள் பேசினார்கள். கோப்பி விளம்பரம், ஷாம்பூ விளம்பரம். பேருந்தின் முதுகளவுக்கு அவன் சிரிப்பு. வாள்வீச்சில் எத்தனை வகை வாள் என்று தெரியாத பெண்பிள்ளைகள் பேர்ண் பள்ளிக்கூடங்களில் அவன் படத்தைப் பென்சில் பெட்டியில் ஒட்டினார்கள். அவர்களில் ஒருத்தி குகநாதனின் மகள் ரிஷானி. அவள் தேஹோவைக் கண்டுபிடித்தது கோப்பி விளம்பரத்தில். தகப்பன் அவளுக்குப் பத்து வருடம் முன்னதாக அவனைப் பின்தொடர்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது.

தெரியவந்தது இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், ஒரு ஞாயிறு மத்தியானம், சோற்று மேசையில். பழைய கமரா ஒன்றில் எடுத்த ஒன்றரை நிமிடக் காட்சியை ரசிகர்கள் தோண்டி எடுத்துப் போட்டிருந்தார்கள்.

"அப்பா, இதிலை நிக்கிறது ஆர்?"

"ஆரோ மத்தியஸ்தர்."

"ஆரோ மத்தியஸ்தருக்கு ஏன் உங்கடை மீசை?"

மனோகரி அகப்பையோடு வந்து கைத்தொலைபேசியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். "இஞ்சாருங்கோ, இது என்ரை தம்பி அனுப்பின நீலக் கழுத்துப்பட்டி எல்லே!"

ரிஷானிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "நாற்பது லட்சம் பேர் பாத்திருக்கினம். உங்களுக்குப் பேரும் வச்சிருக்கினம், 'பேர்ண் மீசை' எண்டு. மீசையைக் கீறி ஸ்டிக்கர் அடிச்சு விக்கினம், அப்பா! என்ரை சிநேகிதியின்ரை லப்டொப்பிலை ஒட்டியிருக்கு. பைன்லிக், வெக்கக்கேடு! இனி நான் எப்பிடிப் பள்ளிக்கூடம் போறது?"

"கீழை என்ன எழுதியிருக்கினம்?"

"'இந்த மீசைக்குக் கண் இருக்கா' எண்டு கேட்டிருக்கினம்."

"நியாயமான கேள்வி" என்றார் குகநாதன்.

மனோகரிக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கிழமை இந்த மனுசன் எந்த நிலையிலை நிண்டவர் எண்டு அவைக்குத் தெரியுமோடி? மூண்டு நாள் சாப்பாடில்லை, நித்திரையில்லை. என்ரை தம்பியைக் காணேல்லை. அதை எழுது அதுக்குக் கீழை. மனம் முழுக்க அங்கை நிண்டது எண்டு எழுது!"

"சும்மா இரும் மனோகரி. மனம் எங்கை நிண்டாலும் கண் இங்கைதான் நிண்டது." குகநாதன் கையைத் துடைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார். "நாங்கள் அங்கை மூண்டு நாளாப் பாருங்கோ பாருங்கோ எண்டு கத்தினனாங்கள். அடுத்த நாள் பாக்கிற வேலை என்ரை கையிலை வந்தது. நானும் பெரிய ஆளின்ரை பக்கம்தான் பாத்தனான்." பிறகு, "அதை ஒருக்கா மெதுவா ஓடவிடு பிள்ளை" என்றார்.

பத்து வருடத்துக்குப் பிறகு அந்த ஒரு கணத்தை அவர் வெளியிலிருந்து பார்த்தார். மூன்று முறை ஓடவிடச் சொன்னார். ஆசுபத்திரியில் கத்தரிக்கோலின் மூட்டைப் பார்ப்பதுபோலவே குனிந்து பார்த்தார். "கண்டியோ? கை. அவன்ரை கை முந்தீட்டுது." சோறு ஆறிப்போயிருந்தது.

ரிஷானி ஒரு கிழமை தகப்பனோடு கதைக்கவில்லை. பிறகு அவளே வந்து சேபர் விதிகளைச் சொல்லித்தரச் சொன்னாள். அடுத்த மாதமே தேஹோவின் ஆட்டங்களைப் பார்த்து அவன் எந்த இடத்தில் பிழைவிட்டான் என்று தகப்பனோடு வாதாடத் தொடங்கிவிட்டாள். ஸ்டிக்கர் ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலும் ஒட்டினாள். மனோகரி இரண்டு முறை உரித்தாள். மூன்றாம் முறை விட்டுவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தேஹோவிடம் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டி, இந்த மத்தியஸ்தர் மேல் கோபமா என்று கேட்டார்கள். அன்று கழிவறையில் இருந்து அழுததாக அவன் சொன்னான். எந்த மத்தியஸ்தருக்கும் சந்தேகம் வராதபடி கையை நீட்ட வேண்டும் என்று அந்தக் கழிவறையில்தான் முடிவெடுத்ததாகவும், அதற்கு மீசை மாமாவுக்கு நன்றி என்றும் சொல்லிச் சிரித்தான். கூடம் கை தட்டியது. ரிஷானி துள்ளினாள். தவராஜா மறுநாள் பேருந்தில் காத்திருந்தார்.

"பாத்தியளே குகண்ணை! உங்களாலைதான் அவன் ஆளானவன். அந்தக் கோப்பி விளம்பரத்திலை உங்களுக்கும் ஒரு பங்கு வரவேணும்."

"ஒருத்தன் விழுந்து எழும்பி ஓடி வெண்டிட்டான் எண்டால், தள்ளிவிட்டவன் மாலைக்குக் கழுத்தை நீட்டேலுமோ?"

"அவனே மறந்திட்டான். நீங்கள் ஏன் காவிக்கொண்டு திரியிறியள்?"

"அவன் மறக்கலாம். புள்ளி அவன்ரை. மறக்கிறதுக்கு அது என்ரை இல்லை."

இரண்டாயிரத்து இருபத்து மூன்று இலையுதிர் காலத்தில் ஜெனீவாவிலிருந்து போட்டி அமைப்பாளர்களின் கடிதம் வந்தது. யாங் தேஹோ விடைபெறும் வருடம். ஐரோப்பாவில் சில அழைப்புப் போட்டிகளில் ஆடுகிறான், அதில் ஒன்று இங்கே. மத்தியஸ்தர்கள் போதாது, குகநாதன் வர முடியுமா? ரிஷானி தன் நுழைவுச்சீட்டை ஏற்கெனவே வாங்கியிருந்தாள்.

"அப்பா, போங்கோ. ஆனால் மீசையை எடுத்திட்டுப் போங்கோ. மண்டபம் முழுக்க ஃபேன்ஸ். அடையாளம் கண்டால் கூவுவினம்."

"மீசையை எடுத்திட்டு ஒளிச்சு நிண்டு தீர்ப்புச் சொல்லேலாது பிள்ளை."

மனோகரிக்கு அவர் முகத்தில் வேறொன்று தெரிந்தது. மகள் எழுந்து போன பிறகு கேட்டாள். "கூவுறதுக்குப் பயமில்லை எண்டால் பிறகென்ன யோசனை?"

குகநாதன் மேசைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தார். "அவன்ரை ஆட்டம் எனக்கு வந்தால், அவனுக்கு ஒரு புள்ளி குடுக்கக் கிடக்கு எண்டு இந்தக் கை நினைக்கும். இப்ப அவனுக்குப் பேரும் இருக்கு. என்ரை பிழையும் இருக்கு. ரெண்டும் ஒரே பக்கம் இழுக்கும். அண்டைக்குப் பேர் மட்டும்தான் இழுத்தது. அதுக்கே விழுந்தனான்."

"அவன்ரை ஆட்டம் உங்களுக்கு வராமல் விட்டால்?"

"வராமல் விடட்டும்."

ஜெனீவாவில் பதினைந்தாம் இலக்க டிராமில் ஏறி, மண்டபத்துக்கு இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிக் கடைசி வரை போனார். நாற்காலி அதே இடத்தில், அதே முறிந்த காலோடு நின்றது. அதன் கீழே யாரோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிடம் நின்றுவிட்டு அடுத்த டிராமில் திரும்பி வந்தார். தலைமை மத்தியஸ்தரான பெண்மணியிடம் தன் உடைந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொல்லி, தேஹோவின் ஆட்டத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னார். அந்தக் காட்சியைப் பார்க்காதவர் இந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை என்றாள் அவள். பிழை விட்டவர்களை எல்லாம் விலக்கினால் தான் உட்பட ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள், திருவுளச்சீட்டில் விழுந்தபடி நடக்கட்டும் என்றாள்.

இரண்டாம் சுற்று. மூன்றாம் இலக்க மேடை. குகநாதன் தாளை மடித்துக்கொண்டு போய் நின்றார். பெயர் மடிப்புக்குள் இருந்தது. மண்டபமோ அந்தப் பெயரைக் கத்தியது.

வலப் பக்கத்தில் யாங் தேஹோ. முப்பத்து மூன்று வயது, முழங்காலில் கறுப்புப் பட்டி. இடப் பக்கத்தில் போர்த்துக்கலில் இருந்து வந்த ஒரு இருபது வயதுக்காரன். அவன் பக்கம் கை தட்ட ஒரே ஒரு பெண் இருந்தாள், தாயாக இருக்க வேண்டும். காணொளியில் திரும்பப் பார்க்கும் வசதி காலிறுதியிலிருந்துதான். இந்தச் சுற்றில் மனிதக் கண் மட்டும்.

யாரும் எதிர்பார்க்காதபடி ஆட்டம் நீண்டது. எட்டுக்கு ஆறு. பதினொன்றுக்குப் பதினொன்று. தேஹோவுக்கு மூச்சு வாங்கியது. பதினாலுக்குப் பதினாலு. மேலே பார்வையாளர் வரிசையில், கொரிய எழுத்தில் தேஹோவின் பெயர் எழுதிய நீண்ட துணியின் ஒரு முனையை ரிஷானி பிடித்திருந்தாள். அவள் கத்துவதை நிறுத்தியிருந்தாள். அந்த வரிசைகளில் தன் தகப்பனுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"ஆன் கார்ட். ப்ரே? அலே!"

இரண்டு விளக்கும் எரிந்தன.

அழகான பாய்ச்சல் தேஹோவினுடையது. படம் எடுத்தவர்கள் எல்லோரும் அதைத்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் களைத்த கை ஒரு கணம் பின்னுக்கு மடங்கியது. பதினாலு வருடமாக அவன் செய்யாதிருந்தது. அந்தக் கணத்துக்குள் போர்த்துக்கல்காரனின் கை நீண்டுவிட்டது.

மண்டபம் கூரை அதிரக் கத்தியது. குகநாதனின் வலக் கை தானாக எழப் பார்த்தது. சமன், புள்ளியில்லை, மறுபடி ஆடுங்கள் என்றால் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தேஹோவும் அடுத்ததில் வெல்லக்கூடும். நல்ல வழி. தப்புற வழி.

அவர் இடக் கையை உயர்த்தினார்.

எதிர்ப்புக் கூவல் எழுந்தது. யாரோ மீசை என்று கத்த, அந்தச் சொல் வரிசை வரிசையாகப் பரவியது. கைத்தொலைபேசிகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. குகநாதன் கையை இறக்கவில்லை. புள்ளி குறிப்பவர் எழுதி முடிக்கும் வரை பிடித்திருக்க வேண்டும் என்பது விதி, பிடித்திருந்தார். மேலே, ரிஷானி துணியின் முனையை விடவில்லை. கூவவும் இல்லை.

தேஹோ முகமூடியைக் கழற்றினான். விளக்கைப் பார்த்தான், தன் முழங்கையைப் பார்த்தான். ஏதோ கணக்குச் சரிபார்ப்பவன் போலத் தலையை மெல்ல ஆட்டினான். எதிராளியின் அருகில் போய்க் கை கொடுத்து, அவன் தலையை ஒருமுறை தடவினான். பிறகு குகநாதனிடம் வந்தான். வாளும் முகமூடியும் ஒரு பக்கம், வெறுங்கை இவர் கைக்குள். குலுக்கியாயிற்று. ஆட்டம் முடிந்தது, இனி ஒன்றும் மாறாது.

அவன் கையை எடுக்கவில்லை. இவர் முகத்தையே பார்த்தான். பிறகு கையை விடுவித்து, ஒரு விரலைத் தன் மேலுதட்டின் மேல் வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை இழுத்தான். புருவம் உயர்ந்திருந்தது. கேள்வி.

குகநாதன் தலையாட்டினார்.

பிறகு ஓர் அடி பின்னால் போய், தன் இடத்தில், குதிகால்கள் ஒட்ட நிமிர்ந்து நின்றார். விளக்குகள் அணைந்திருந்தன. புள்ளி குறிப்பவர் பேனையை மூடிவிட்டார். குகநாதன் வலக் கையை, பேர்ணில் அன்று எழாத கையை, தோளிலிருந்து நேராக, விரல்கள் விரிய உயர்த்தி, யாரோ எழுதி முடிப்பதற்குக் காத்திருப்பவர் போல அப்படியே பிடித்திருந்தார்.